கன்னத்துத் திட்டுக்குக் கண் மருத்துவரிடம் எதற்கு?

என் முகத்தின் இடப்பக்கத்தில், கீழ் இமையிலிருந்து கன்ன எலும்பு வரைக்கும், நீலமும் சாம்பலும் கலந்த ஒரு திட்டு உண்டு. நெற்றிப்பொட்டுப் பக்கம் போகப் போக அது சிதறிப் புள்ளிகளாகிவிடும். கைக்குழந்தையாக இருந்தபோது லேசாகத்தான் இருந்தது என்று அம்மா சொல்வார். நான் வயதுக்கு வந்த சமயத்தில் அடர்ந்துவிட்டது. புதிதாகப் பார்ப்பவர்களில் பாதிப் பேர், "எங்கே இடித்துக்கொண்டாய்?" என்று கேட்பார்கள். மீதிப் பேர் மங்கு என்று தாங்களாகவே முடிவுகட்டி, கையோடு ஒரு களிம்பின் பெயரையும் சொல்லிவிட்டுத்தான் நகர்வார்கள். அடிபட்டுக் கன்றியதும் இல்லை, மங்கும் இல்லை. ஓட்டா மச்சம் என்பது அதன் பெயர். ஜப்பானியத் தோல் மருத்துவர் மசாவோ ஓட்டா 1939-ல் இதை விவரித்து எழுதினார். அவர் கவிஞரும்கூட என்பதைப் பிற்பாடு படித்தபோது, என் கன்னத்தில் இருப்பதன்மேல் எனக்கே கொஞ்சம் மரியாதை கூடியது.

என் கணவருக்குத் தோளில் ஒரு பழுப்புப் படலம். மகனுக்குப் பிறந்தபோதே இடுப்புக்குக் கீழே நீலத் திட்டு. தங்கை மகளுக்குத் தொடையில் முடி முளைத்த கரிய மச்சம். எல்லாவற்றுக்கும் மூலம் மெலனின் என்ற ஒரே நிறமிதான். ஆனால் ஒன்றுக்குச் சொன்ன வைத்தியம் இன்னொன்றுக்கு ஆகாது. 'இதை எப்படிப் போக்குவது?' என்ற கேள்வியோடுதான் நாங்கள் ஒவ்வொருவரும் மருத்துவரிடம் போனோம். எங்களுக்கு உருப்படியாக உதவியவர்களோ, 'இது எந்த வகை? இதற்காக உடம்பில் வேறெங்கே பார்க்க வேண்டும்?' என்பதிலிருந்து தொடங்கியவர்கள்.

முகத்தைச் சரிசெய்துகொள்ளத்தான் நான் தோல் மருத்துவரிடம் போனேன். அவர் கன்னத்தை அரை நிமிடம்கூடப் பார்க்கவில்லை. கீழ் இமையை விரலால் இழுத்து வெள்ளை விழியில் டார்ச் அடித்துப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொல்லி மேலண்ணத்தைப் பார்த்தார். காதுக்குள்ளும் ஒரு பார்வை. பிறகு, "கண் அழுத்தம் எப்போதாவது பார்த்ததுண்டா?" என்றார். இல்லை என்றதும், லேசர் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் கண் மருத்துவருக்குச் சீட்டு எழுதிவிட்டார். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

காரணத்தை அவரே சொன்னார். முகத்துக்கு உணர்வு தரும் முக்கிளை நரம்பின் மேல் இரண்டு கிளைகள் பரவும் பகுதியில்தான் இந்த வகை மச்சம் வரும். அந்த எல்லைக்குள் கண்ணும் அடக்கம். மெலனினை உண்டாக்கும் செல்கள் தோலின் ஆழத்தில் தங்கியதுபோலவே கண்ணின் உள்ளேயும் தங்கியிருக்கலாம். கண்ணுக்குள் சுரக்கும் நீர் வடிந்துபோகும் பாதையில் அவை சேர்ந்தால் அழுத்தம் ஏறும். ஓட்டா மச்சம் உள்ளவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குக் கண் அழுத்தம் கூடும் பிரச்சினையோ, பார்வை நரம்பு கெடும் கிளாகோமாவோ காணப்படுகிறது. வலிக்காது. ஓரப் பார்வை சத்தமில்லாமல் குறைந்துகொண்டே வரும். தெரியவரும்போது போனது திரும்பாது. கண்ணின் உட்படலத்தில் மெலனோமா என்ற புற்றுநோய் வரும் வாய்ப்பும் சற்று உண்டு, ஆனால் அது அரிது.

கண் மருத்துவமனையில் மரத்துப்போகும் சொட்டு விட்டு, மஞ்சள் சாயம் தொட்டு, நீல வெளிச்சத்தில் ஒரு சிறு முனையை விழியின் மேல் தொட்டும் தொடாமலும் வைத்து அழுத்தம் பார்த்தார்கள். பொதுவாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவு வரை இயல்பு என்பார்கள். என் இடது கண்ணில் வலதைவிடக் கொஞ்சம் கூடுதல், ஆனால் வரம்புக்குள். கண்மணியை விரியச் செய்து விழித்திரையையும் பார்த்தார்கள். படமெடுத்துத் திரையில் காட்டியபோதுதான் கவனித்தேன்: இடது கருவிழி வலதைவிட அடர்த்தி, வெள்ளை விழியில் சிலேட்டுச் சாம்பல் நிறத்தில் ஒழுங்கில்லாத திட்டுகள். இத்தனை காலம் கண்ணாடி முன்னால் கன்னத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, இரண்டு அங்குலம் மேலே இருந்தது கண்ணில் படவே இல்லை. அன்று முதல் ஆண்டுக்கொரு முறை கண் பரிசோதனை. இடக் கன்னம் முழுக்க வெளுத்தாலும் இது நிற்காது, ஏனென்றால் லேசர் தோலில் உள்ளதைத்தான் எடுக்கும். கண்ணுக்குள் இருப்பது அப்படியே இருக்கும்.

கறுப்பு நிறமி எப்படி நீலமாகத் தெரிகிறது என்று கேட்டேன். கருவில் நரம்பு முகடு என்ற இடத்திலிருந்து நிறமிச் செல்கள் புறப்பட்டுத் தோலின் மேலடுக்குக்கு நகர்கின்றன. சில மேலே வந்து சேராமல் ஆழத்திலேயே நின்றுவிடுகின்றன. தோலுக்குள் இறங்கும் வெளிச்சத்தில் சிவப்பு ஆழம் வரை சென்று அங்கே உறிஞ்சப்பட்டுவிடும். நீலம் மேல் அடுக்குகளிலேயே சிதறித் திரும்பி வரும். டிண்டால் விளைவு என்று பள்ளியில் படித்ததுதான். ஆகவே நிறத்தைப் பார்த்தே ஆழத்தை ஓரளவு ஊகிக்கலாம்: பழுப்பு என்றால் மேலே, நீலம் அல்லது சாம்பல் என்றால் ஆழத்தில். மங்கு பெரும்பாலும் பழுப்பு. இரண்டு கன்னத்திலும் ஒன்றுபோல வரும். பெரியவர்களான பிறகு, வெயிலாலோ கர்ப்பத்தாலோ கருத்தடை மாத்திரையாலோ தலைகாட்டும். என்னுடையதோ ஒரு பக்கம் மட்டும், நீலம், சிறு வயதிலிருந்து. மாதவிலக்கின்போதும் தூக்கம் கெட்ட நாட்களிலும் சற்று அடர்ந்து தெரியும். அதைப் பார்த்து 'கூடிவிட்டது' என்று பதறுவதை விட்டுவிட்டேன்.

இது தெரிந்த பிறகு களிம்புகளின் விஷயம் எளிதாகிவிட்டது. வெளுப்பாக்கும் களிம்பு எதுவும் தோலின் மேலடுக்கைத் தாண்டி வேலை செய்யாது. ஆழத்தில் இருப்பதை அது எட்டவே முடியாது. எட்டுகிற இடத்தில் கெடுதல் செய்யும். ஸ்டீராய்டு கலந்த கலவைக் களிம்புகளை மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலிந்து, இரத்தக் குழாய்கள் தெரிய ஆரம்பித்து, பருக்களும் மீசை முடியும் வரும்; நிறுத்தினால் எரியும், சிவக்கும். ஹைட்ரோகுவினோன் என்ற வெளுப்பாக்கும் மருந்தை மருத்துவர் மேற்பார்வையில்லாமல் நீண்ட காலம் பூசியவர்களுக்கு, எதைப் போக்கப் பூசினார்களோ அதைவிட மோசமான நீலக் கருமை வருவதுண்டு. பாதரசம் கலந்தவை சிறுநீரகத்தையே பாதிக்கும். 'இரண்டே வாரத்தில்' என்று விற்கப்படும், உள்ளே என்ன இருக்கிறது என்று அச்சிடப்படாத எந்தக் குப்பியையும் பிறவி மச்சத்தின் பக்கம் கொண்டுவராதீர்கள். குழந்தைகளுக்கென்றால் இரட்டிப்பாகச் சொல்வேன்.

கண் பரிசோதனை முடிந்த பிறகுதான் லேசர் பேச்சு எழுந்தது. குறிப்பிட்ட அலைநீளமுள்ள ஒளியை மிகக் குறுகிய நேரம் பாய்ச்சினால், சுற்றியுள்ள திசுவைச் சுடாமல் நிறமியை மட்டும் உடைக்கலாம் என்ற கொள்கையை 1983-ல் ஆண்டர்சனும் பாரிஷும் முன்வைத்தார்கள். இன்றைக்கு நடக்கும் நிறமி லேசர்கள் எல்லாம் அதன் பிள்ளைகள். நொடியின் நூறு கோடியில் சில பங்கு நேரத்துக்கே துடிப்பு நீடிக்கும். மாநிறமும் கறுப்பும் கொண்ட தோலில் மேலடுக்கிலேயே நிறைய மெலனின் இருப்பதால், அதில் அதிகம் மாட்டிக்கொள்ளாமல் ஆழத்துக்கு இறங்கும் 1064 நானோமீட்டர் லேசரை எனக்குத் தேர்ந்தெடுத்தார்கள். குறைந்த அலைநீளமுள்ளவை வேகமாக வேலை செய்யலாம். ஆனால் கறுத்த தோலில் சுட்டுவிட்டு வெள்ளைத் தழும்பு வைக்கும் அபாயமும் கூடுதல்.

முதலில் காதோரம் ஒரு சிறு இடத்தில் சோதனை செய்து, சில வாரங்கள் காத்திருந்து, தழும்போ வெளுப்போ இல்லை என்று பார்த்த பிறகே முகத்தைத் தொட்டார்கள். இதைச் செய்யாமல் முதல் நாளே முழுக் கன்னத்துக்கும் கிளம்புகிற இடமாக இருந்தால் எழுந்து வந்துவிடலாம். இமைக்கு அருகில் செய்ய வேண்டியிருந்ததால் கண்ணுக்குள் ஓர் உலோகக் கவசத்தை நுழைத்தார்கள். குளிர்ந்த கரண்டியை விழிமேல் கவிழ்த்தது போன்ற உணர்வு. வலியில்லை, ஆனால் விழியைச் சுழற்றக் கூடாது என்று நினைக்க நினைக்கச் சுழற்றத் தோன்றும். பிறகு சடசடவென்று ஒலி. ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு சுண்டு. முடி கருகும் வாடை. ஒளி பட்ட இடம் உடனே வெளிறி உறைபனி படிந்ததுபோல் ஆகி, சில நிமிடங்களில் சிவந்து வீங்கும். ஒரு வாரத்தில் கரிய பொருக்குகள் தட்டி, தாமாகவே உதிரும். பிய்க்காமல் இருப்பதுதான் அதில் கடினமான பகுதி.

இதெல்லாம் ஒரு நாளில் முடிகிற காரியமில்லை. உடைந்த நிறமித் துகள்களை உடம்பின் துப்புரவுச் செல்கள் மெல்ல மெல்ல விழுங்கி அகற்ற வேண்டும். அதற்குப் பல மாதம் பிடிக்கும். ஆகவே அமர்வுகளுக்கு இடையே நீண்ட இடைவெளி விடுவார்கள். அவசரப்பட்டு வாரா வாரம் செய்வதில் லாபம் இல்லை. நடுவில் எனக்கு ஒரு முறை கன்னம் முன்பைவிடக் கறுத்துவிட்டது. சூடு பட்டதற்குத் தோல் காட்டும் எதிர்வினை அது. கறுத்த தோலில் அடிக்கடி நடப்பது. அது வடியும்வரை மருத்துவர் அடுத்த அமர்வைத் தள்ளிப்போட்டார். வெளியே போகும்போதெல்லாம் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத வெயில் தடுப்புக் களிம்பு, அதற்கு மேல் தொப்பியும் குடையும். இன்றைக்கு என் கன்னத்தில் முக்கால்வாசி நிறம் போய்விட்டது. கீழ் இமையில் ஒரு சாம்பல் கீற்று மிச்சம். வெள்ளை விழியில் இருப்பது இருந்தபடியே இருக்கிறது. அதற்கு எதுவும் செய்யவில்லை, செய்யவும் போவதில்லை.

குழந்தைப் பருவத்திலேயே செய்தால் குறைந்த அமர்வுகளில் பலன் கிடைக்கும் என்கிறார்கள். ஆனால் சின்னக் குழந்தைக்கு மயக்க மருந்து தேவைப்படும். பிற்காலத்தில், பருவ வயதில், நிறம் திரும்பி வருவதும் உண்டு. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. யாராவது 'கட்டாயம் இப்போதே' என்றோ 'கட்டாயம் கூடாது' என்றோ அடித்துச் சொன்னால் நான் சந்தேகப்படுவேன்.

இனி மகனின் கதை. பிறந்த அன்றே குளிப்பாட்டிய செவிலியர் அவனைக் கவிழ்த்துக் காட்டினார். பிட்டத்தின் மேலே, உள்ளங்கை அகலத்துக்கு, ஓரம் மங்கிய நீலச் சாம்பல் திட்டு. ஒரு கணுக்காலிலும் சின்னதாக ஒன்று. மங்கோலியப் புள்ளி என்று பல காலம் வழங்கிய இதைத் தோல் ஆழ நிறமித் திட்டு என்று இப்போது குறிப்பிடுகிறார்கள். என் கன்னத்தில் இருப்பதன் நெருங்கிய உறவு. ஆனால் குணம் நேர்மாறு. என்னுடையது தானாகப் போகாது. அவனுடையது பள்ளிக்குப் போகும் வயதுக்குள் பெரும்பாலும் மங்கிவிடும். ஆசிய, ஆப்பிரிக்கக் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு இது இருக்கும். மருந்து, பூச்சு, தேய்ப்பு எதுவும் வேண்டாம்.

பிறகு ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், குழந்தைகள் காப்பகத்தில் நடந்த ஒன்றால். அவனைச் சேர்த்த புதிதில், உடை மாற்றிய பெண் என்னைத் தனியாக அழைத்து, தாழ்ந்த குரலில், "வீட்டில் யாராவது குழந்தையை அடிப்பார்களா?" என்று கேட்டார். கேட்டதில் தவறே இல்லை. கேட்க வேண்டியவர்தான் அவர். இருந்தாலும் என் நெஞ்சு ஒரு கணம் நின்றுவிட்டது. நல்ல வேளையாக, பிறந்தபோதே குழந்தை மருத்துவர் தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்தில் திட்டுகளின் இடத்தையும் அளவையும் எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். கைப்பேசியில் தேதியோடு படங்களும் இருந்தன. அவற்றைக் காட்டியதும் பேச்சு அத்தோடு முடிந்தது. அடிபட்ட கன்றல் தொட்டால் வலிக்கும். நாளுக்கு நாள் பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறி, இரண்டு வாரத்துக்குள் ஏறக்குறைய மறைந்துவிடும். இது வலிக்காது, மாதக்கணக்கில் அதே நிறத்தில் இருக்கும். ஆனால் இந்த வேறுபாட்டை அந்த நேரத்தில் வாயால் விளக்கி நம்பவைப்பதைவிட, மருத்துவர் கையெழுத்திட்ட ஒரு வரி ஆயிரம் மடங்கு மேல். பிள்ளை வீட்டுக்கு வரும் முன்னரே அதை எழுதி வாங்கிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். இந்த நீலத் திட்டுகள் மிக அதிகமாக, முதுகோடு நில்லாமல் மார்பு வயிறு என்று முன்பக்கமும் பரவி, மங்குவதற்குப் பதிலாக அடர்ந்துகொண்டே போனால், அரிதாக ஹர்லர் நோய், ஜிஎம்1 கேங்க்ளியோசிடோசிஸ் போன்ற பரம்பரை வளர்சிதைக் கோளாறுகளின் அடையாளமாக இருக்கலாம். வளர்ச்சியிலும் பின்னடைவு தெரிந்தால் குழந்தை மருத்துவரிடம் திட்டுகளையும் சேர்த்துக் காட்ட வேண்டும்.

அவனுக்கு ஒரு வயது கடந்தபோது, விலாவில் பால் கலந்த காப்பி நிறத்தில் ஓர் ஓவல் திட்டு தெரிந்தது. சில மாதம் கழித்து முழங்காலுக்கு மேல் இன்னொன்று. கஃபே-ஓ-லே திட்டுகள். இங்கேதான் எண்ணிக்கை முக்கியமாகிறது. ஒன்றிரண்டு இருப்பது ஆரோக்கியமான பிள்ளைகளிடமும் சாதாரணம். ஆறும் அதற்கு மேலும், பருவ வயதுக்கு முன் ஒவ்வொன்றும் 5 மில்லிமீட்டருக்கும், அதற்குப் பின் 15 மில்லிமீட்டருக்கும் மேல் இருந்தால், நியூரோஃபைப்ரோமடோசிஸ் முதல் வகை என்ற மரபணு நோயைத் தேட வேண்டும். சுமார் 3,000 பேரில் ஒருவருக்கு வருவது அது. 1987-ல் வகுத்து 2021-ல் திருத்திய விதிகள் உண்டு. திட்டுகளை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. அக்குளிலும் தொடை இடுக்கிலும் பொடிப் புள்ளிகள், கருவிழியில் சிறு முடிச்சுகள், தோலடியில் மென்மையான கட்டிகள், குடும்பத்தில் யாருக்காவது இருப்பது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். பெற்றோருக்கு இல்லை என்பதால் பிள்ளைக்கும் இருக்காது என்று சொல்ல முடியாது. பாதிப் பேருக்கு மரபணு மாற்றம் புதிதாகவே தோன்றுகிறது. இன்னொரு வகை உண்டு: ஓரம் கடற்கரை வரைபடம்போல் துண்டுதுண்டாக இருக்கும் பெரிய திட்டு, உடம்பின் நடுக்கோட்டோடு நின்றுவிடும். அதோடு பெண் குழந்தைக்கு மிக இளம் வயதில் மாதவிலக்கு வந்தாலோ, எலும்பு எளிதில் முறிந்தாலோ, மெக்கூன்-ஆல்பிரைட் என்ற நோயை நினைக்க வேண்டும்.

மகனுக்கு இன்றுவரை இரண்டோடு நிற்கிறது. ஆண்டுக்கொரு முறை, அவனுடைய பிறந்தநாள் வாரத்தில், ஜன்னல் வெளிச்சத்தில் நிற்கவைத்து, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுக்கிறேன். ஃபிளாஷ் கூடாது, தோலின் நிறத்தையே அது மாற்றிக் காட்டும். இரவில் அவன் சட்டையைத் தூக்கித் தூக்கி எண்ணும் பழக்கம் எனக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஆண்டுக் கணக்கு.

தங்கை மகளின் மச்சம்தான் எங்கள் வீட்டில் அதிகம் அழவைத்தது. பிறந்தபோது தொடையில் 3 சென்டிமீட்டர் நீளத்தில், கரும்பழுப்பாக, கொஞ்சம் மேடாக இருந்தது. பிறவி மெலனோசைட் மச்சம் என்றார்கள். நூறு குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்றுக்கு இப்படி ஏதாவது ஓர் அளவில் இருக்கும். பிள்ளை பெற்ற படுக்கையில் தங்கை கேட்ட முதல் கேள்வி, "மூன்றாம் மாதத்தில் நான் அவ்வளவு பயந்தேனே, அதனாலா அக்கா?" என்பதுதான். அவளிடம் அப்படிச் சொன்னவர்களும் பக்கத்தில்தான் இருந்தார்கள். தாய் பயந்ததாலோ ஆசைப்பட்டதாலோ எந்த மச்சமும் வருவதில்லை. கரு உருவான பிறகு, வளரும் பிள்ளையின் ஒரு செல்லில் என்ஆர்ஏஎஸ் போன்ற ஒரு மரபணுவில் நேரும் தற்செயலான மாற்றம் அது. அந்தச் செல்லின் வாரிசுகள் ஓரிடத்தில் கூடுகின்றன. தாயிடமிருந்தும் வரவில்லை, தந்தையிடமிருந்தும் வரவில்லை. இதை மருத்துவர் வாயால், வீட்டுப் பெரியவர்கள் காது கேட்கச் சொல்லவைத்தேன். மருந்தைவிட அதுதான் அவளுக்கு வேலை செய்தது.

மச்சம் வளர்கிறதே என்று அடுத்த பயம். பிள்ளை வளரும்போது மச்சமும் கூடவே விரியும். தலையில் இருப்பது பெரியவராகும்போது சுமார் 1.7 மடங்காகும், உடம்பிலும் கையிலும் 2.8 மடங்கு, காலில் 3.3 மடங்கு. 3 சென்டிமீட்டர் மச்சம் கிட்டத்தட்ட 10 ஆகும் என்று முதல் வாரத்திலேயே கணக்குப் போட்டுச் சொன்னதால், அது 6-ஐத் தொட்டபோது யாரும் பதறவில்லை. பெரியவரானால் என்ன அளவு இருக்கும் என்பதை வைத்துத்தான் வகைப்படுத்துகிறார்கள்: 1.5 சென்டிமீட்டருக்குள் சிறியது, 20 வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரியது, 40-ஐத் தாண்டினால் மிகப் பெரியது. சிறியதிலும் நடுத்தரத்திலும் மெலனோமா வரும் வாய்ப்பு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. வந்தாலும் பெரும்பாலும் பருவ வயதுக்குப் பின். மிகப் பெரியவற்றில் அபாயம் கூடுதல், அதுவும் சிறு வயதிலேயே. பெரிய மச்சமோ, பிறவியிலேயே பல மச்சங்களோ இருந்தால், மூளையிலும் தண்டுவடத்தின் உறையிலும் நிறமிச் செல்கள் இருக்கின்றனவா என்று எம்ஆர்ஐ எடுத்துப் பார்ப்பார்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆவதற்குள் எடுத்தால் தெளிவாகத் தெரியும். மூளை நரம்புகளின் உறை முதிர்ந்த பிறகு கண்டுபிடிப்பது கடினம். எங்கள் பெண்ணுக்கு அது தேவைப்படவில்லை. ஆனால் தேவைப்படும் குழந்தையின் பெற்றோர் 'கொஞ்சம் பெரியவளாகட்டும்' என்று காத்திருக்கக் கூடாது.

அவளுக்கு மச்சத்தில் முடி வளர்கிறது. கத்தரிக்கலாம், மழிக்கலாம், அதனால் புற்றுநோய் வராது. வெளுப்பாக்க லேசர் செய்யலாமா என்று கேட்டதற்கு, மேலே உள்ள நிறம் குறையலாம், வேர் அப்படியே இருக்கும், நிறம் திரும்பும், பிற்பாடு கண்காணிப்பதும் சிக்கலாகும் என்றார் மருத்துவர். அறுவை என்றால் மச்சம் போய்த் தழும்பு வரும். தொடையில் தழும்பு அகலும். ஒரே முறையில் எடுக்க முடியாத அளவென்றால் படிப்படியாக வெட்டித் தைப்பதும், பக்கத்துத் தோலுக்கடியில் பலூன் வைத்து உப்பவைத்து அந்தத் தோலால் மூடுவதும் உண்டு. இப்போதைக்கு எதுவும் வேண்டாம், அவளே சொல்லும் வயது வரட்டும் என்பது தங்கையின் முடிவு. அதற்குள் கட்டி எழும்பினாலோ, இரத்தம் கசிந்தாலோ, ஆறாத புண் வந்தாலோ உடனே காட்ட வேண்டும். பள்ளியில் கேட்பவர்களுக்கு, "பிறந்ததிலிருந்தே இருக்கிறது. வலிக்காது, ஒட்டாது" என்று மூன்றே சொற்றொடரில் அவள் முடித்துவிடுகிறாள். சொல்லிக்கொடுத்தது தங்கைதான். குழந்தை தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று விடாமல், முதல் நாளுக்கு முன்பே ஒரு பதிலை அவள் கையில் கொடுத்தது நல்லதாகப் போயிற்று.

கணவருடையதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பதின்ம வயதில் தோளில் பழுப்பாகப் பரவி, பிறகு முடியடர்ந்தது. பெக்கர் மச்சம், 1949-ல் விவரிக்கப்பட்டது. ஆண் ஹார்மோன் எழும் வயதில் வெளிப்படும், புற்றுநோயாக மாறுவதில்லை. சட்டைக்குள் சமர்த்தாக இருக்கிறது. பெண்களுக்கு மார்பில் வந்தால் மட்டும் அந்தப் பக்க மார்பு வளர்ச்சி குறையலாம் என்பதால் கவனிப்பார்கள்.

நிறம் குறைந்த திட்டுகளுக்கும் இதே விதிதான். பிறவியிலேயே ஓரிடத்தில் வெளிறிய திட்டு ஒன்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. அது வெண்புள்ளி நோயும் அல்ல. வெண்புள்ளி பிற்பாடு வருவது. உட்ஸ் விளக்கின் ஊதா ஒளியில் சுண்ணாம்பு வெள்ளையாக மின்னும். ஆனால் கைக்குழந்தையின் உடம்பில் 5 மில்லிமீட்டருக்குக் குறையாத வெளிறிய இலை வடிவத் திட்டுகள் மூன்றும் அதற்கு மேலும் இருந்து, குழந்தை அடிக்கடி திடுக்கென்று மடங்கி நிமிர்ந்தால், அது டியூபரஸ் ஸ்கிளெரோசிஸ் என்ற நோயின் வலிப்பாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். கைப்பேசியில் அந்த அசைவைப் படம்பிடித்துக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்தது. சிவப்புத் திட்டுகள் வேறு சாதி. அவை இரத்தக் குழாய்களால் வருபவை. சோவியத் தலைவர் கோர்பச்சேவின் நெற்றியில் இருந்தது அந்த வகை.

பெரியவர்களுக்கும் இப்படித்தான். கழுத்தின் பின்புறமும் அக்குளும் வெல்வெட் துணி மாதிரி தடித்துக் கறுத்தால், அழுக்கென்று தேய்த்துத் தேய்த்து ரணமாக்குகிறார்கள். பார்க்க வேண்டியது இரத்தச் சர்க்கரையையும் உடல் எடையையும். பல நேரம் அது இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அறிகுறி.

என்னோடு வேலை பார்த்த ஒருவர், தாடையில் இருந்த மச்சத்தை ஓர் அழகு நிலையத்தில் பேனா போன்ற கருவியால் சுட்டு எடுத்துவிட்டார். பத்து நிமிடத்து வேலை. சில காலம் கழித்து அதே இடத்தில் கருமை திரும்பியபோது, மருத்துவர் கேட்டது ஒன்றே ஒன்று: "எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா?" சுட்டுக் கரியாக்கியதை எங்கே அனுப்புவது? கடைசியில் ஒன்றுமில்லை என்று தெரிந்தது. ஆனால் தெரியும்வரை அவர் தூங்கவில்லை. மச்சத்தை எடுப்பதென்றால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். எடுத்தது ஃபார்மலின் புட்டியில், உங்கள் பெயர் எழுதி, நுண்ணோக்கிப் பரிசோதனைக்குப் போக வேண்டும். அந்தப் புட்டி இல்லாத இடத்தில் மச்சத்தைத் தொடவிடாதீர்கள்.

முப்பது வயதுக்கு மேல் புதிதாக ஒரு கரும்புள்ளி வந்து மாறிக்கொண்டே இருந்தால் அதைப் பிறவி மச்சங்களோடு சேர்த்துப் பேசக் கூடாது. ஒரு பாதி மறுபாதியைப் போல் இல்லாமை, ஓரம் சீரில்லாமை, பல நிறம், 6 மில்லிமீட்டருக்கு மேல் அகலம், மாற்றம் ஆகியவை கவனிக்க வேண்டியவை. கடைசியில் சொன்ன மாற்றம்தான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிது. மெலனோமாவில் பெரும்பகுதி பழைய மச்சத்தில் அல்ல, வெறும் தோலில் புதிதாகவே முளைக்கிறது. கறுத்த தோலுக்கு அது வராது என்பது பொய். நமக்கு வரும்போது பெரும்பாலும் வெயில் படாத இடங்களில் வரும்: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி. இசைக்கலைஞர் பாப் மார்லி 1981-ல், 36 வயதில் இறந்தது கால் விரல் நகத்தடியில் தொடங்கிய மெலனோமாவால். நகத்தில் ஒரே ஒரு விரலில் கருங்கோடு தோன்றி அகலமாகிக்கொண்டே போனால், அல்லது கருமை நகத்தைச் சுற்றிய தோலுக்கும் பரவினால், நசுங்கியது என்று ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம். நசுங்கிய இரத்தக் கட்டு நகத்தோடு சேர்ந்து நுனியை நோக்கி நகரும், இது நகராது. எங்கள் வீட்டில் நகம் வெட்டும் நாளன்று ஒருவர் உள்ளங்காலை மற்றவர் பார்த்துவிடுகிறோம். கணவருக்குக் கூச்சம் அதிகம், முதல் சில முறை காலைக் கொடுக்கவே மாட்டேன் என்றார். இப்போது அவரே செருப்பைக் கழற்றிவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு வருகிறார்.